அரிதாரம் பூசிய பாவலர் குஞ்சன் நம்பியார்

நுழையும் முன்

திருவிழாவிலோ சர்க்கஸ் கூடாரத்திலோ கோமாளியைக் கண்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள். அவர் முகத்தில் ஏன் அத்தனை வண்ணங்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? முகத்தில் வண்ணம் பூசி ஆடும் ஒரு கலையைப் படைத்து, மன்னரையும் மக்களையும் சிரிக்க வைத்து, அச்சிரிப்பின் வழியே உண்மையை உணர்த்தினார் கேரளப் பாவலர் ஒருவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

மலைமுடியும் கூத்துமுடியும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களின் வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி மலையை அடையலாம். மலைப்பாதையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுடைய இம்மலையின் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. அத்தோட்டங்களில் உழைப்போருள் தமிழ்க் குடும்பத்தினரும் உண்டு.

பொன்முடி என்னும் பெயர் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் ஒன்றுபோலவே விளங்கும். பொன்னாலான மகுடம் என்பது அதன் பொருள். அம்மலையிலிருந்து இறங்கும் சாலை திருவனந்தபுரம் நகரைச் சென்று சேர்கிறது. அந்நகரில், இன்றைக்கு ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்கு முன், வேறொரு வகை முடியைக் கலை உலகிற்குத் தந்தவர் ஒருவர் வாழ்ந்தார். அம்முடி பொன்னால் ஆனதன்று. மரத்தால் செய்து வண்ணம் தீட்டிய கூத்துமுடி அது. ஆயினும் அதனை அணிந்தவர் அரசர் முன்னும் அஞ்சாமல் நகையாடலாம். அந்தப் பாவலர்தாம் குஞ்சன் நம்பியார்.

பிறப்பும் இளமையும்

குஞ்சன் நம்பியார் பாலக்காடு மாவட்டத்தில் லக்கிடிக்கு அருகிலுள்ள கிள்ளிக்குறிச்சிமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் பிறந்த ஆண்டு 1705 என்பர். அவ்வூரின் அருகே பாரதப்புழை ஆறு ஓடுகிறது. அவர் பிறந்த இல்லமாகிய கலக்கத்து பவனம் இன்று அவருடைய நினைவிடமாகப் போற்றப்படுகிறது.

இளமையிலேயே அவர் பிறந்த ஊரைவிட்டுத் தெற்கு நோக்கிச் சென்றார். கோட்டயம் பகுதியிலுள்ள கிடங்கூரில் சிலகாலம் வாழ்ந்தார். பின்னர் அம்பலப்புழையை அடைந்தார். அக்காலத்தில் அம்பலப்புழை செம்பகச்சேரி என்னும் சிறுநாட்டின் தலைமையிடமாக விளங்கியது. அந்நாட்டை ஆண்ட தேவநாராயணர் என்னும் அரசர் அவரை ஆதரித்தார். அங்கு அவர் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். களரிப் பயிற்சியும் பெற்றார். கோயிலில் மிழாவு முழக்கும் பணியிலும் ஈடுபட்டார்.

மிழாவும் விதூடகனும்

மிழாவு என்பது குடம் போன்ற பெரிய தோற்கருவி. செம்பாலான குடத்தின் வாயைத் தோலால் போர்த்தி, கைகளால் முழக்குவர். கோயில்களில் நிகழும் சாக்கியார் கூத்துக்கு அதுவே உயிரான இசைக்கருவி. கூத்தாடுவது சாக்கியார் குலத்தாரின் உரிமை. மிழாவு முழக்குவது நம்பியார் குலத்தாரின் உரிமை. இக்கூத்து மிகப் பழமையானது. சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் சாக்கையன் ஒருவன் கூத்தாடிய செய்தியை நம் சிலப்பதிகாரமும் கூறுகிறது.

சாக்கியார் கூத்தில் கதை சொல்பவர் விதூடகன் வேடம் பூணுவார். விதூடகன் என்பவன் பழைய நாடகங்களில் வரும் கோமாளி. அவனுடைய ஒப்பனையைச் சற்று நோக்குங்கள். அரிசிமாவும் மஞ்சளும் மையும் குங்குமமுமே அதற்குரிய பொருள்கள். இவையனைத்தும் வீட்டில் எளிதாகக் கிடைப்பவை. முகத்தில் மாவைப் பூசி, கண்களுக்கு மை தீட்டி, நெற்றியிலும் கன்னங்களிலும் செந்நிறப் பொட்டுகள் வைப்பர். மீசையின் ஒரு முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். மறுமுனை கீழ்நோக்கித் தொங்கும். ஒரு காதில் குண்டலமும் மறுகாதில் வெற்றிலைச் சுருளும் இருக்கும். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒவ்வாத இந்தத் தோற்றத்தைக் கண்ட அளவிலேயே அவையோர் முகத்தில் நகை அரும்பும்.

இவ்வொப்பனைக்கு ஒரு பெரிய உரிமையும் உண்டு. விதூடகன் அவையில் இருக்கும் எவரையும் கேலி செய்யலாம். அமைச்சராயினும் அரசராயினும் அதற்கு விதிவிலக்கில்லை. கேலிக்கு உள்ளானவர் மறுமொழி கூறுதல் ஆகாது. எவரேனும் எதிர்த்துப் பேசினால் சாக்கியார் தலையணியைக் கழற்றிவிட்டுக் கூத்தை நிறுத்திவிடுவார் என்பது மரபு. முகத்தில் வண்ணம் இருக்கும்வரை அவர் தனிமனிதர் அல்லர். உண்மையைச் சொல்ல வந்த விதூடகன்.

ஓர் இரவில் பிறந்த கலை

ஒருநாள் அம்பலப்புழைக் கோயிலில் சாக்கியார் கூத்து நடந்துகொண்டிருந்தது. மிழாவு முழக்கிக்கொண்டிருந்த குஞ்சன் நம்பியார் களைப்பினால் சற்றே கண்ணயர்ந்துவிட்டாராம். முழக்கம் தவறியதைக் கண்ட சாக்கியார், விதூடகனுக்குரிய உரிமையைப் பயன்படுத்தி, அவையோர் முன் அவரை எள்ளி நகையாடினார். அவை முழுவதும் சிரித்தது. மிழாவின் பின்னே அமர்ந்திருந்த இளைஞர் நாணித் தலைகுனிந்தார். மரபுப்படி அவரால் மறுமொழி கூற இயலவில்லை.

அன்றிரவு அவர் உறங்கவில்லை. சினத்தால் எவரையும் தாக்கவும் இல்லை. இரவு முழுவதும் அமர்ந்து ஒரு புதிய கதைப்பாட்டை எழுதினார் என்று கேரள மக்கள் வழிவழியாகக் கூறுகின்றனர். அந்நூல் கல்யாண சௌகந்திகம் என்பர். திரௌபதி விரும்பிய மணமலரைத் தேடி வீமன் காட்டுவழியே செல்கிறான். வழியில் முதிய குரங்கு ஒன்று வாலை நீட்டிப் படுத்திருக்கிறது. தன் வலிமையில் செருக்குற்ற வீமனால் அவ்வாலை அசைக்கவும் முடியவில்லை. அக்குரங்கு தன் தமையனாகிய அனுமனே என்பதைப் பின்னர் அறிந்து அவன் செருக்கு அடங்குகிறான். பலர் முன் சிறுமைப்படுத்தப்பட்ட ஒருவர், செருக்கு அடங்கும் கதையைத் தேர்ந்தெடுத்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மறுநாள் சாக்கியார் கூத்தாடிய இடத்திற்கு அருகிலேயே நம்பியார் தம் புதிய ஆட்டத்தைத் தொடங்கினார். பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்திருந்த அதனைக் கண்ட மக்கள், கூத்தைவிட்டு இவரிடம் திரண்டனராம். இவ்வாறு தோன்றிய கலையே துள்ளல். இக்கதை செவிவழியாக வந்தது. எனினும், சாக்கியார் கூத்திலிருந்தும் படயணி முதலிய நாட்டுப்புறக் கலைகளிலிருந்தும் கூறுகளை எடுத்துத் துள்ளலுக்கு முழுவடிவம் தந்தவர் குஞ்சன் நம்பியாரே என்பதில் ஐயமில்லை.

மூவகைத் துள்ளலும் முகவண்ணமும்

துள்ளல் மூவகைப்படும். அவை பறையன் துள்ளல், சீதங்கன் துள்ளல், ஓட்டன் துள்ளல் என்பன. பறையன் துள்ளல் மெதுவாக நடக்கும். சீதங்கன் அதனினும் சற்று விரைவானது. ஓட்டன் துள்ளல் மிக விரைவானது. நடைக்கேற்ப ஒப்பனையும் வேறுபடும்.

கல்யாண சௌகந்திகம் சீதங்கன் துள்ளலைச் சேர்ந்தது. சீதங்கன் ஆடுபவர் முகத்தில் பச்சை பூசுவதில்லை. கண்களுக்கும் புருவங்களுக்கும் மை தீட்டி, தென்னங்குருத்தோலையால் செய்த அணிகலன்களை அணிந்துகொள்வார். குருத்தோலையும் மையும் ஓரிரவில் தேடிப் பெறக்கூடிய பொருள்கள் அல்லவா? செல்வம் இல்லாத கலைஞரும் ஆடத்தக்க கலையாகத் துள்ளல் அமைந்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

ஓட்டன் துள்ளலின் தோற்றமோ வண்ணம் மிகுந்தது. தலையில் முடி, மார்பில் மணிகள் கோத்த அணி, இடையில் துணிப் பட்டைகளால் ஆன ஆடை, கால்களில் சலங்கை ஆகியவற்றோடு முகம் முழுவதும் பச்சை வண்ணம் விளங்கும். இந்தப் பச்சை எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிவது சுவையானது.

கேரளக் கலைஞர்கள் மனயோல என்று கூறும் மஞ்சள்நிறக் கனிமத்தை முதலில் நன்றாக அரைப்பர். தமிழில் இக்கனிமத்திற்கு அரிதாரம் என்று பெயர். நடிகர் ஒப்பனை செய்துகொள்வதை நாம் அரிதாரம் பூசுதல் என்று கூறுவது இதனால்தான். மலையாள மேடையில் இன்றும் அரைக்கப்படும் ஒரு கல்லின் பெயர், தமிழில் ஒப்பனைக் கலைக்கே பெயராகிவிட்டது. அரைத்த மஞ்சளோடு நீலம் சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் குழைப்பர். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை பிறக்கும் என்பதை நீங்கள் ஓவிய வகுப்பில் அறிந்திருப்பீர்கள். உதடுகளுக்குரிய செந்நிறத்தைச் சாதிலிங்கம் என்னும் கனிமத்திலிருந்து பெறுவர்.

ஒப்பனையில் ஒழுங்கு தவறுதல் ஆகாது. நெற்றியில் திலகம் வரைவர். புருவங்களையும் கண்களையும் கருமையால் நீட்டி எழுதுவர். நுண்ணிய கோடுகளை இழுக்கத் தென்னை ஈர்க்கு உதவும். பச்சையை விரல்களால் சீராகப் பரப்புவர். உதடுகளில் சிவப்பைத் தீட்டி, இறுதியில் முடியை அணிவிப்பர்.

இவ்வண்ணங்கள் அழகுக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. அக்காலத்தில் மின்விளக்கு இல்லை. எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில், தொலைவில் அமர்ந்திருப்பவருக்கும் கண்ணசைவும் உதட்டசைவும் தெளிவாகத் தெரிதல் வேண்டும். பச்சைப் பரப்பின் நடுவே கருமை சூழ்ந்த கண்ணும் சிவந்த உதடும் எடுப்பாகத் தோன்றும்.

வேறொரு நுட்பமும் உண்டு. கதகளியில் முகவண்ணமே பாத்திரத்தின் பண்பைக் காட்டும். அங்குப் பச்சை முகம் உயர்ந்த தலைவனுக்குரியது. துள்ளலில் ஒருவரே வீமனாகவும் அனுமனாகவும் கதை சொல்பவராகவும் மாறி மாறி ஆடுகிறார், பாடுபவரும் அவரே. ஆகையால் வண்ணம் மாறுவதில்லை. மாறாத அந்த முகத்தின்மேல் கண்களும் புருவங்களும் ஓயாமல் மாறிக் கதையை உணர்த்துகின்றன.

திருவனந்தபுரத்தில்

1746-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் செம்பகச்சேரி நாட்டைத் தம் ஆட்சியோடு இணைத்துக்கொண்டார். நம்பியாரை ஆதரித்த அரசு மறைந்தது. நடுவயதைக் கடந்த பாவலர் மீண்டும் ஊர் பெயர வேண்டியதாயிற்று. தம்மை ஆதரித்தவரை வென்ற மன்னரின் நாட்டிலேயே அவர் வாழ்வு தேட நேர்ந்தது. அப்போது திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரம். அவ்வூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. நம்பியார் திருவனந்தபுரத்தில் தங்கி, மார்த்தாண்ட வர்மராலும், 1758-இல் அரியணை ஏறிய தர்மராஜா என்னும் கார்த்திகைத் திருநாள் இராம வர்மராலும் ஆதரிக்கப்பெற்றார்.

அரண்மனைச் சோறு உண்பவர் அரசரைப் புகழ்வதே வழக்கம். நம்பியாரோ தம் நகைச்சுவையைக் கைவிடவில்லை. பத்மநாபசுவாமி கோயிலில் அமைந்த விளக்குத்தூணைப் பாடுமாறு மன்னர் புலவர்களைப் பணித்ததாக ஒரு கதை வழங்குகிறது. புலவர் பலரும் சொற்களை அடுக்கிப் புகழ்ந்தனர். அவர்கள் கருத்தெல்லாம் விளக்கின்மேல் இல்லை, பரிசுப் பணத்தின்மேலேயே உள்ளது என்பதை நம்பியார் ஒரே பாட்டில் வெளிப்படுத்தினாராம். அப்பாட்டில் பரிசை விரும்பும் வரிசையில் தம்மையும் சேர்த்துக்கொண்டார் என்பதே அதன் சிறப்பு.

அவருடைய துள்ளல்களில் தேவர்களும் வீரர்களும் வருகின்றனர். ஆனால் அவர்கள் கேரளத்து மனிதர்களைப் போலவே உண்கின்றனர், உடுக்கின்றனர், சண்டையிடுகின்றனர். தேவலோகமும் கேரளத்துச் சிற்றூர் போலவே காட்சியளிக்கிறது. புராணக் கதையைக் கேட்க வந்தவர்கள், அதில் தங்கள் ஊர் அதிகாரியையும், போர்க்களத்தில் ஓடும் வீரனையும், பெருந்தீனிக்காரனையும் கண்டு சிரித்தனர். சிரித்து முடித்தபின் தங்களையும் அதில் கண்டனர். அவர் எந்தக் குலத்தாரையும் விட்டுவைக்கவில்லை. தம் குலத்தாரையும் நகையாடினார்.

வடமொழி மிகுந்த நடையே உயர்ந்தது என்று கருதப்பட்ட காலம் அது. நம்பியார் எளிய மலையாளத்தில் பாடினார். பழமொழிகளையும் பேச்சுவழக்கையும் தயங்காது எடுத்தாண்டார். கோயிலின் கூத்தம்பலத்திற்குள் செல்ல இயலாத மக்களும் துள்ளலைத் திறந்தவெளியில் கண்டு மகிழ முடிந்தது. அவர் பெயரால் 60-க்கும் மேற்பட்ட துள்ளல் நூல்கள் வழங்குகின்றன. முதுமையில் அவர் அம்பலப்புழைக்குத் திரும்பினார். 1770-ஆம் ஆண்டளவில் மறைந்தார்.

கடல் கடந்த கோமாளி

நம்பியார் மறைந்து ஏறத்தாழ 8 ஆண்டுகளுக்குப் பின், 1778-இல் இலண்டன் நகரில் ஜோசப் கிரிமால்டி பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே மேடை ஏறிய அவர், முகத்தையும் கழுத்தையும் வெண்மையால் மூடி, கன்னங்களில் சிவந்த முக்கோணங்களை வரைந்து, உதடுகளைப் பெரிதாகத் தீட்டினார். இன்று சர்க்கஸில் நாம் காணும் வெள்ளைமுகக் கோமாளி அவர் வழிவந்தவரே. மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் எரிந்த அரங்குகளில் முகம் தெளிவாகத் தெரிய அவ்வெண்மை உதவியது. கேரளத்தில் பச்சை செய்த பணியை இலண்டனில் வெண்மை செய்தது.

1946-ஆம் ஆண்டு ஸ்டான் பல்ட் என்பவர் இலண்டனில் கோமாளிகளின் முகங்களை முட்டை ஓடுகளில் வரைந்து சேர்க்கத் தொடங்கினார். ஒருவருடைய முகவடிவை மற்றொருவர் படியெடுத்தல் தகாது என்பது மேலைநாட்டுக் கோமாளிகளின் எழுதாச் சட்டம். அங்கு ஒவ்வொரு முகமும் ஒரு தனிமனிதருக்கே உரியது. துள்ளலில் அவ்வாறன்று. ஒருவர் வகுத்த பச்சை முகத்தை 250 ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் பூண்டு வருகின்றனர். அவர் தம் முகத்தைப் பின்வருவோர் அனைவருக்கும் பொதுவாக்கிவிட்டார்.

நிலைத்த நகை

1930-இல் தொடங்கப்பெற்ற கேரள கலாமண்டலத்தில் இன்று துள்ளல் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. முன்பு ஆண்கள் மட்டுமே ஆடிய இக்கலையைப் பெண்களும் ஆடுகின்றனர். அம்பலப்புழைக் கோயிலில் ஒரு பழைய மிழாவு காக்கப்படுகிறது. அது நம்பியார் முழக்கியது என்று மக்கள் போற்றுகின்றனர்.

மாணவர்களே! பலர் முன் கேலிக்கு ஆளாகும்போது உள்ளம் வருந்துவது இயல்பு. புதிய ஊரில், புதிய மொழியினரிடையே வாழும்போது அத்தகைய வேளைகள் நமக்கும் நேரலாம். குஞ்சன் நம்பியார் மூன்று ஊர்களில் புதியவராய் வாழ்ந்தவர். கேலியின் வலியை அறிந்தவர். அவ்வலியை அவர் பகையாக்கவில்லை, கலையாக்கினார். பிறருடைய குறையைக் காட்டிச் சிரித்தபோது தம்மையும் சேர்த்துச் சிரித்தார். ஆகவேதான், முகத்தின் வண்ணத்தைக் கழுவியபின்னும் அவரை மக்கள் நேசித்தனர்.

அருஞ்சொற்பொருள்

அரிதாரம் – மஞ்சள்நிறக் கனிமம், நடிகர் ஒப்பனை
விதூடகன் – நாடகத்தில் வரும் கோமாளி
எள்ளுதல் – இகழ்தல், கேலி செய்தல்
நாணுதல் – வெட்கப்படுதல்
செருக்கு – அகந்தை
தமையன் – அண்ணன்
ஈர்க்கு – தென்னை ஓலையின் நடுநரம்பு
சாதிலிங்கம் – செந்நிறக் கனிமம்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. குஞ்சன் நம்பியார் பிறந்த ஊர் ________.
2. குடம் போன்ற பெரிய தோற்கருவியின் பெயர் ________.
3. துள்ளலின் மூவகைகளுள் மிக விரைவானது ________.
4. செம்பகச்சேரி திருவிதாங்கூரோடு இணைக்கப்பட்ட ஆண்டு ________.

ஆ. பொருத்துக.
1. அரிதாரம் – கருமை
2. சாதிலிங்கம் – மஞ்சள்
3. மை – வெண்மை
4. அரிசிமாவு – சிவப்பு

இ. பிரித்தெழுதுக.
1. பொன்முடி
2. குருத்தோலை
3. முகவண்ணம்
4. கண்ணசைவு

ஈ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. விதூடகன் வேடம் பூண்ட சாக்கியாருக்கு இருந்த உரிமை யாது?
2. ஓட்டன் துள்ளலுக்குரிய பச்சை வண்ணம் எவ்வாறு உருவாக்கப்படுகிறது?
3. துள்ளலில் ஆடுபவரின் முகவண்ணம் மாறாமல் இருப்பது ஏன்?

உ. சிந்தித்து எழுதுக.
1. சாக்கியாரின் கேலிக்கும் விளக்குத்தூண் பற்றிய நம்பியாரின் கேலிக்கும் உள்ள வேறுபாடு என்ன?
2. உங்களை எவரேனும் கேலி செய்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? வேறு என்ன செய்திருக்கலாம்?

ஊ. செயல்பாடு
ஒரு வெள்ளைத்தாளில் முகத்தின் வடிவை வரைக. நடுவே ஒரு கோடிட்டு, ஒரு பாதியில் விதூடகனின் ஒப்பனையையும் மறுபாதியில் ஓட்டன் துள்ளலின் ஒப்பனையையும் வண்ணம் தீட்டுக. பத்து அடி தொலைவில் நின்று பார்த்து, எந்தப் பாதியில் கண்ணும் உதடும் தெளிவாகத் தெரிகின்றன என்று குறிப்பெழுதுக. அரிதாரமும் சாதிலிங்கமும் நச்சுத்தன்மை உடைய கனிமங்கள். ஆகையால் அவற்றைக் கையாளுதல் கூடாது. வண்ணப் பென்சில்களையே பயன்படுத்துக.